இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன்

பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன் சங்ககாலத்தில் மதுரையிலிருந்து ஆண்ட பாண்டிய மன்னர்களுள் ஒருவன். யவனர் கொண்டுவந்த மதுவைப் பொற்கிண்ணத்தில் பருகி மகிழுமாறு நக்கீரரால் வாழ்த்தப்பட்டவன் என்ற வகையில் தமிழக வரலாற்று நூல்களில் இவன் பெயர் அடிக்கடி இடம்பெறுகின்றது. புறநானூற்றில் இவனைப் பற்றிய பாடல்கள் ஐந்து உள்ளன. அவை 55, 56, 57, 196, 198 ஆகிய எண்ணுள்ள பாடல்கள். ஐந்தையும் பாடியவர்கள் ஐந்து வெவ்வேறு புலவர்கள். இவர்களுள் மூவர் இவனைப் புகழ்ந்தும் அறிவுறுத்தியும் பாடியுள்ளனர். மற்ற இருவர் பரிசில் தராமல் காலம் கடத்தியமைக்காகக் குறைகூறிப் பாடியுள்ளனர். யவன மதுவைப் பற்றிய செய்தி மட்டும் தனியே எடுத்துக் காட்டப்படுவதால், பின்னைய இரு பாடல்களும் பலருக்கும் தெரியாமலே போய்விடுகின்றன.

பெயர்

மாறன் என்பது பாண்டியர் குடிப்பெயர்களுள் ஒன்று. வழுதி, செழியன், பஞ்சவன் என்பன அக்குடிக்குரிய பிற பெயர்கள். ஒரே பெயர் பல மன்னருக்கு வழங்கியதால், இறந்த இடத்தைப் பெயரோடு சேர்த்து ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டும் வழக்கம் ஏற்பட்டது. கூடகாரத்துத் துஞ்சிய மாறன் வழுதி, வெள்ளியம்பலத்துத் துஞ்சிய பெருவழுதி, சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன் ஆகியோர் இவ்வாறு அறியப்படும் பிற பாண்டியர். சித்திரமாடத்து நன்மாறனும் இலவந்திகைப்பள்ளி நன்மாறனும் வேறு வேறு மன்னர்கள் என்பதை மாணவர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். துஞ்சுதல் என்பதற்கு உறங்குதல் என்பது நேர்ப்பொருள். மன்னர் பெயர்களில் அது இறத்தலைக் குறிக்கும் மங்கல வழக்காக வருகின்றது.

இலவந்திகை என்பது நீர்நிலையைச் சூழ அமைந்த, மதிலுடன் கூடிய அரசர்க்குரிய சோலை. அரசனும் உரிமை மகளிரும் நீராடி மகிழும் இடம் இது. பொறிகளால் நீரை நிறைக்கவும் போக்கவும் கூடிய வாவி இதனுள் இருந்தது என்று உரைகள் விளக்குகின்றன. புகார் நகரத்தில் இருந்த இத்தகைய சோலை ஒன்றையும் அதன் மதிலையும் சிலப்பதிகாரம் குறிப்பிடுகின்றது. அத்தகைய சோலையில் அமைந்த பள்ளியில் இம்மன்னன் இறந்தான் என்பதே இவன் பெயர் தரும் செய்தி.

நீண்ட இப்பெயர் பாடல்களுக்குள் வருவதில்லை. பாடலின் கீழே திணை, துறை, பாடியவர், பாடப்பட்டவர் ஆகியவற்றைத் தரும் கொளுக்களில்தான் காணப்படுகின்றது. நான்கு பாடல்கள் இவனை மாறன் என்று விளிக்கின்றன. 196ஆம் பாடலில் எந்தப் பெயரும் இல்லை. அப்பாடல் இவனைப் பற்றியது என்பதற்குக் கொளுவே சான்று.

காலம்

கல்வெட்டோ நாணயமோ கொண்டு இவன் காலம் வரையறுக்கப்படவில்லை. பாடிய புலவர்களைக் கொண்டே கணிக்கப்படுகின்றது. மதுரை மருதன் இளநாகனார் இவனையும் கூடகாரத்துத் துஞ்சிய மாறன் வழுதியையும் பாடியுள்ளார். ஆவூர் மூலங்கிழார் சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனையும் பாடியவர். காவிரிப்பூம்பட்டினத்துக் காரிக்கண்ணனார் சோழன் குராப்பள்ளித் துஞ்சிய பெருந்திருமாவளவனும் வெள்ளியம்பலத்துத் துஞ்சிய பெருவழுதியும் ஒருங்கிருந்ததைக் கண்டு பாடியவர். நெடுநல்வாடையைப் பாடிய நக்கீரரே 56ஆம் பாடலின் ஆசிரியர் என்று கொண்டால், தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனின் காலத்தை ஒட்டியோ அதற்குச் சிறிது முன்பின்னாகவோ இவன் வாழ்ந்திருக்க வேண்டும். பொதுவாகக் கிறித்துவுக்குப் பிந்தைய முதல் மூன்று நூற்றாண்டுகளுக்குள் இவர்கள் அனைவரும் வைக்கப்படுகின்றனர்.

அக்காலப் பாண்டிய அரசைப் பற்றி வெளிநாட்டார் குறிப்புகளும் உள்ளன. கி.பி. 79இல் இறந்த உரோமானிய அறிஞர் பிளினி, பாண்டியன் கடற்கரைச் சந்தையிலிருந்து வெகுதொலைவில் உள்நாட்டில் மோதுரா என்னும் ஊரில் இருந்து ஆள்வதாக எழுதியுள்ளார். மோதுரா என்பது மதுரையே. முதல் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பெயர் தெரியாத கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய எரித்திரேயக் கடற்செலவு நூல், மேற்குக் கரையிலுள்ள நெல்கிண்டா துறைமுகமும் கொற்கை முத்துக்குளிப்பும் பாண்டியனுக்கு உரியவை என்று கூறுகின்றது. நன்மாறன் அமர்ந்திருந்த அரியணை, உள்நாட்டு நகரம் ஒன்றில் இருந்தபடி இருபுறக் கடல்களையும் நோக்கியது எனலாம்.

மன்னனுக்குக் கூறப்பட்ட அறிவுரைகள்

மருதன் இளநாகனாரின் 55ஆம் பாடல் செவியறிவுறூஉ என்னும் துறையைச் சேர்ந்தது. மன்னனின் செவியில் அறத்தை அறிவுறுத்துவது இத்துறை. மலையை வில்லாகவும் பாம்பை நாணாகவும் கொண்டு ஓரம்பால் மூன்று மதில்களை எய்த சிவனின் நெற்றிக்கண்ணைப் போல, மூவேந்தருள் மேம்பட்டவன் நன்மாறன் என்று தொடங்குகிறார் புலவர். யானை, குதிரை, தேர், மறவர் என நால்வகைப் படையும் சிறந்திருந்தாலும் அரசனின் வெற்றிக்கு அடிப்படை அறநெறியே என்பது பாடலின் மையம். நம்மவர் என்பதற்காகக் கோல் கோடக்கூடாது, அயலார் என்பதற்காக அவர் குணங்களைப் புறக்கணிக்கக்கூடாது என்கிறார். ஞாயிறு போன்ற வீரமும் திங்கள் போன்ற தண்மையும் மழை போன்ற கொடையும் உடையவனாக, செந்தில் கடற்கரையில் காற்றுக் குவித்த மணலினும் பல நாள் வாழுமாறு வாழ்த்துகிறார். செந்தில் என்பது இன்றைய திருச்செந்தூர்.

காரிக்கண்ணனாரின் 57ஆம் பாடல் போர்க்காலத்தது. பகைவர் நாட்டின் விளைவயல்களை வீரர்கள் கொள்ளையிடட்டும், பேரூர்களைத் தீ எரிக்கட்டும், வேல்கள் பகைவரை அழிக்கட்டும், ஆனால் அவர்களுடைய காவல் மரங்களை மட்டும் வெட்டாதே என்று வேண்டுகிறார். மன்னனின் நெடிய யானைகளைக் கட்டும் தறியாக அம்மரங்கள் தாங்கமாட்டா என்பது அவர் கூறும் காரணம். காவல் மரத்தை வெட்டி அதில் தன் யானையைக் கட்டுவது அக்காலத்தில் வெற்றியின் அடையாளம். புலவர் போரைத் தடுக்கவில்லை. ஆனால் எரியும் ஊர்களுக்கு நடுவே மரத்தையாவது காக்க முயன்றிருக்கிறார். இரக்கத்தைக் காரணமாகச் சொல்லாமல் மன்னனின் யானைப்பெருமையைக் காரணமாகச் சொன்னது அவருடைய திறம்.

நக்கீரரின் பாடலும் யவன மதுவும்

56ஆம் பாடலைப் பாடியவர் மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார். மன்னனைத் தெய்வங்களோடு ஒப்பிடும் பூவை நிலை என்னும் துறையில் இது அமைந்துள்ளது. சிவன், பலராமன், திருமால், முருகன் ஆகிய நால்வரையும் அவரவர் நிறம், கொடி, படைக்கலம், ஊர்தி ஆகியவற்றால் அறிமுகப்படுத்துகிறார் புலவர். மாற்ற முடியாத சினத்தில் கூற்றத்தையும், வலிமையில் பலராமனையும், புகழில் திருமாலையும், நினைத்ததை முடிப்பதில் முருகனையும் நன்மாறன் ஒப்பான் என்கிறார். சங்ககால மதுரையில் பலராம வழிபாடு வழக்கில் இருந்ததற்கும் இப்பாடல் ஒரு சான்று.

அடுத்து வருவதே புகழ்பெற்ற பகுதி. இரவலர்க்கு அரிய அணிகலன்களைக் குறையாமல் வழங்கி, யவனர் நல்ல கலத்தில் தந்த குளிர்ந்த மணமுள்ள தேறலை, வளையணிந்த மகளிர் பொன்னாற் செய்த கலத்தில் ஏந்தி நாள்தோறும் ஊட்ட, மகிழ்ந்து இனிது வாழ்க என்று புலவர் வாழ்த்துகிறார். கதிரவனையும் திங்களையும் போல உலகத்தோடு நிலைபெறுமாறு கூறிப் பாடலை முடிக்கிறார்.

கலம் என்னும் சொல் இப்பகுதியில் மூன்று முறை வருவது கவனிக்கத்தக்கது. முதலில் வருவது இரவலர் பெறும் அணிகலம். இரண்டாவது யவனரின் கலம். மூன்றாவது அரசனின் கையிலுள்ள பொற்கிண்ணம். இரண்டாவதற்குக் குப்பி என்று பொருள்கொள்வோரும் மரக்கலம் என்று பொருள்கொள்வோரும் உளர். எப்பொருள் கொண்டாலும், மது பருகும் வாழ்த்துக்கு முன்னால் கொடை வைக்கப்பட்டிருக்கிறது. கொடுத்துவிட்டுக் குடி என்பதே பாடலின் வரிசை.

மன்னன் மகளிர் தரும் தேறலைப் பொற்கலத்தில் பருகி வாழ்க என்று முடிப்பது சங்கப் புலவர்களிடையே ஒரு மரபு. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சியும் நெடுஞ்செழியனை இவ்வாறே வாழ்த்தி முடிகின்றது. புறநானூற்று 24ஆம் பாடலும் அவ்வகையினதே. அந்த வாழ்த்துகளில் மது எங்கிருந்து வந்தது என்ற குறிப்பு இல்லை. நக்கீரர் அதைச் சேர்த்திருக்கிறார். நெடுநல்வாடையிலும் அரண்மனை விளக்கை விவரிக்கையில் அது யவனர் செய்த பாவை விளக்கு என்று குறிக்கிறார். பொருளின் பிறப்பிடத்தைக் குறித்துச் செல்வது இப்புலவரின் இயல்பு போலும்.

யவனர் என்ற சொல் முதலில் கிரேக்கரையும் பின்னர் உரோமானியப் பேரரசிலிருந்து வந்த பிறரையும் குறித்தது. பொன்னொடு வந்து மிளகொடு திரும்பும் அவர்களுடைய கப்பல்களை முசிறியில் காட்டுகிறது அகநானூற்றின் 149ஆம் பாடல். பாசறையில் காவல்புரிந்த யவனரை முல்லைப்பாட்டு காட்டுகின்றது.

மது வந்த வழி

எகிப்தின் செங்கடல் துறைமுகங்களிலிருந்து கோடையின் நடுவில் கப்பல்கள் புறப்பட்டன. தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடித்தால், செங்கடல் வாயிலில் உள்ள ஓகெலிசிலிருந்து முசிறியை அடைய 40 நாள் ஆகும் என்று பிளினி கணக்குத் தருகிறார். திரும்பும் பயணம் திசம்பர் அளவில் தொடங்கும். ஆகவே மேலைநாட்டு மது ஆண்டுக்கு ஒரு முறைதான் தமிழகக் கரைக்கு வந்தது. நாள்தோறும் அதைப் பருக வேண்டுமானால் ஓர் ஆண்டுக்குப் போதுமான சாடிகள் அரண்மனையில் இருந்தாக வேண்டும். கடற்செலவு நூலோ முசிறிக்கும் நெல்கிண்டாவுக்கும் வந்த பொருள்களைப் பட்டியலிடும்போது, மது அதிக அளவில் இல்லை என்றே கூறுகின்றது. அங்கு முதன்மையாக வந்தது நாணயம். குசராத்துக் கரையிலுள்ள பரிகசாவுக்கு வந்த மதுவில் இத்தாலிய மது விரும்பப்பட்டதையும், இலவோதிக்கேய மதுவும் அரபு மதுவும் வந்ததையும் அதே நூல் கூறுகின்றது. நக்கீரரின் வாழ்த்தில் உள்ள நாள்தோறும் என்னும் சொல்லின் கனம் இப்பின்னணியில்தான் விளங்கும். எளிதிற் கிடைக்காத ஒன்று நாளும் கிடைக்கட்டும் என்பதே அவ்வாழ்த்து.

செங்கடல் துறைமுகமான பெரெனிகேயில் கிடைத்த முதல் நூற்றாண்டுப் பானையோட்டு எழுத்துகளில் பெரும்பகுதி, கப்பலில் ஏற்றவேண்டிய மதுவைச் சுங்கச்சாவடியில் விட அனுமதிக்கும் சீட்டுகள். இத்தாலிய மதுவும் இலவோதிக்கேய மதுவும் அவற்றில் குறிக்கப்பட்டுள்ளன. தமிழ்ப் பிராமி எழுத்துள்ள பானையோடும், இந்தியச் சாடி ஒன்றில் சுமார் 7.5 கிலோகிராம் மிளகும் அதே ஊரில் அகழ்ந்தெடுக்கப்பட்டன. மது இப்பக்கமும் மிளகு அப்பக்கமும் சென்ற வழி இவ்வூர் வழியாகவே சென்றது.

மதுவை அடைத்து அனுப்பிய கலம் ஆம்போரா எனப்படும். இரண்டு கைப்பிடிகளும் ஒடுங்கிய கழுத்தும் கூர்மையான அடியும் கொண்ட சுடுமண் சாடி இது. கூர்மையான அடி கப்பலின் அடித்தட்டில் வரிசையாகச் செருகி அடுக்க உதவியது. ஆம்போரா என்பது அளவையாகவும் வழங்கியது. ஓர் ஆம்போரா ஏறத்தாழ 26 லிட்டர். சாடியின் உட்புறத்தில் தேவதாரு இனமரங்களின் பிசின் பூசப்பட்டது. வாய் தக்கையாலோ களிமண்ணாலோ சாந்தாலோ அடைக்கப்பட்டது. காற்றுப்பட்டால் திராட்சை மது புளித்துக் காடியாகிவிடும் என்பதால் இக்காப்பு தேவைப்பட்டது. பிசினின் மணம் மதுவிலும் ஏறியது. நக்கீரர் பாடிய மணத்தில் அதற்கும் பங்கு இருந்திருக்கலாம்.

புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலரும், 1947 முதல் 1950 வரை பிரெஞ்சு ஆய்வாளர் கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அகழாய்வு செய்தனர். அங்கு கிடைத்த ஆம்போரா ஓடுகளை எலிசபெத் லைடிங் வில் ஆராய்ந்தார். கிரேக்கத் தீவான கோசின் மதுச்சாடிகளும் அந்த வகையைப் பின்பற்றிய சாடிகளும் அங்கு மிகுதி. கோசு மது கடல்நீர் கலந்து செய்யப்பட்டது. வைகை கடலில் கலக்கும் பகுதியில், இராமநாதபுரம் மாவட்டத்திலுள்ள அழகன்குளத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1986-87 முதல் பல பருவங்களில் அகழாய்வு நடத்தியது. ஆம்போரா ஓடுகள், உரோமானிய நாணயங்கள், கப்பல் உருவம் கீறப்பட்ட பானையோடு ஆகியவை அங்கு கிடைத்தன. மதுரையை வைகை வழியே கடலோடு இணைத்த துறைமுகம் இது என்பதால், நன்மாறனின் வரலாற்றுக்கு அரிக்கமேட்டை விட நெருங்கிய இடம் அழகன்குளமே. கேரளத்தின் பட்டணத்தில் 2007 முதல் நடந்த அகழாய்வில் ஆம்போரா ஓடுகள் ஆயிரக்கணக்கில் வெளிப்பட்டன. முசிறி இருந்த இடம் இதுவே எனப் பலர் கருதுகின்றனர்.

இந்தியாவில் ஆம்போரா என்று முன்னர் எழுதப்பட்ட ஓடுகள் எல்லாம் உரோமானியச் சாடிகளுக்கு உரியவை அல்ல. அவற்றுள் ஒரு பகுதி மெசொப்பொத்தேமியா, பாரசீக வளைகுடாப் பகுதியைச் சேர்ந்த கைப்பிடியில்லாத நீள்சாடிகள் என்று இரபெர்த்தா தோம்பர் 2007இல் எடுத்துக்காட்டினார். பழைய நூல்களில் உள்ள எண்ணிக்கைகளை இத்திருத்தத்தோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

அக்கால மதுச்சுவைஞர்கள்

மதுவை ஊர், ஆண்டு, வகை எனப் பிரித்துச் சுவைப்பது இன்று பிரான்சு நாட்டின் பெயரோடு இணைத்துப் பேசப்படுகின்றது. நன்மாறன் காலத்தில் அப்பெருமை இத்தாலிக்கு உரியது. காம்பானியாவின் பலேர்னிய மது முதல்தரமாக மதிக்கப்பட்டது. கி.மு. 121ஆம் ஆண்டின் விளைச்சலை, அவ்வாண்டின் ஆட்சித்தலைவர் ஒப்பிமியசின் பெயரால் ஒப்பிமிய மது என்று வழங்கினர். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்தும் அது எஞ்சியிருந்ததாகவும், கசப்பேறிய தேனைப்போல் இறுகிவிட்டதாகவும் பிளினி எழுதியுள்ளார். உரோமானியர் மதுவைப் பெரும்பாலும் நீர் கலந்தே பருகினர். கலக்காமல் குடிப்பது நாகரிகமற்றோர் செயலாகக் கருதப்பட்டது.

இன்றைய பிரான்சான கால் நாடு அப்போது மது வரலாற்றில் ஏறக்குறைய தமிழகத்தின் நிலையிலேயே இருந்தது. கி.மு. 600 அளவில் கிரேக்கர் மசாலியாவை, அதாவது இன்றைய மார்செய் நகரை, நிறுவியபோது திராட்சை வளர்ப்பு அங்கு வேரூன்றியது. எனினும் கி.மு. இரண்டாம், முதலாம் நூற்றாண்டுகளில் கால் மக்கள் இத்தாலிய மதுவை விலைகொடுத்து வாங்குவோராகவே இருந்தனர். தூலோன் அருகே மூழ்கிய ஒரு கப்பலில் மட்டும் ஆயிரக்கணக்கான இத்தாலிய ஆம்போராக்கள் இருந்தன. அடுத்த நூற்றாண்டில் நிலைமை மாறியது. கால் நாட்டு மது உரோமுக்கே சென்றது. வியன் பகுதியின் பிசின் சுவையுள்ள மதுவைப் பிளினி பாராட்டுகிறார். கி.பி. 92 அளவில் பேரரசர் தொமிசியன், மாகாணங்களின் திராட்சைத் தோட்டங்களில் பாதியை அழிக்க ஆணையிட்டார். அந்த ஆணை முழுமையாக நிறைவேற்றப்படவில்லை. தமிழகத்தில் இத்தகைய மாற்றம் நிகழவில்லை. திராட்சை இங்கு பயிராகாமல் மதுவாக மட்டும் வந்து போனது.

தமிழர்க்கு மது புதியதன்று என்பதையும் கூற வேண்டும். பனை, தென்னைக் கள், அரிசியால் செய்த தோப்பி, தெளிந்த வகையான தேறல், நறவு, மட்டு எனப் பல பெயர்கள் சங்க நூல்களில் உள்ளன. மூங்கிற் குழாயில் தேனை அடைத்து முதிரவைத்த தேறலைத் திருமுருகாற்றுப்படையும் மலைபடுகடாமும் கூறுகின்றன. முதிர்ந்த மதுவின் சுவையை அறிந்தோர் இங்கும் இருந்தனர். அதனாலேயே யவன மதுவுக்கு நக்கீரர் புதுச்சொல் தேடவில்லை. தேறல் என்ற பழைய சொல்லையே அதற்கும் ஆண்டிருக்கிறார்.

பகிர்ந்து குடிப்பதே சிறப்பு என்ற எண்ணமும் அக்காலத்தது. சிறிதளவு கள் கிடைத்தால் தமக்கே தந்துவிடுவான் என்றும், மிகுதியாகக் கிடைத்தால் தாம் பாடத் தானும் உடன் பருகுவான் என்றும் அதியமானை நினைந்து ஔவையார் பாடிய பாடல், புறநானூற்றில் 235ஆவதாக உள்ளது. நன்மாறனின் பொற்கிண்ணத்தில் புலவருக்குப் பங்கு உண்டா என்று 56ஆம் பாடல் கூறவில்லை. இரவலர்க்குரியது அணிகலம் என்று மட்டும் வரையறுக்கின்றது.

பரிசில் நீட்டித்தது

196, 198 ஆகிய இரு பாடல்களும் பரிசில் கடாநிலை என்னும் துறையின. தருவதாகச் சொன்ன பரிசிலைத் தராது காலம் நீட்டிக்கும் புரவலனிடம் அதைக் கேட்டு நிற்பதே இத்துறை.

ஆவூர் மூலங்கிழாரின் 196ஆம் பாடல் கடுமையானது. இயன்றதை இயலும் என்பதும் இயலாததை இல்லை என்பதும் இரண்டுமே நல்லோர் செயல் என்கிறார் அவர். இயலாததை இயலும் என்பதும் இயல்வதை இல்லை என்பதும் இரப்போரை வாட்டுவதோடு, கொடுப்போரின் புகழையும் குறைக்கும் வழிகள். இதுவரை எவரிடமும் காணாத ஒன்றை இன்று கண்டோம் என்று தொடர்கிறார். பின்னர் மன்னனைச் சபிக்காமல், அவன் புதல்வர் நோயின்றி இருக்கட்டும் என்று வாழ்த்துகிறார். வெயில் என்று தயங்காமல், பனி என்று சோம்பாமல், கல்லைப்போல் பெயராத வறுமையோடு, காற்றை மட்டும் மறைக்கும் வீட்டில் நாணம் ஒன்றே அணியாக இருக்கும் தன் மனைவியை நினைத்துப் புறப்படுகிறார். மன்னனின் வாழ்நாள் நீளட்டும் என்பதே அவருடைய கடைசிச் சொல். வாழ்த்தாக அமைந்த இச்சொல், மேற்கூறிய அனைத்துக்கும் பின்னால் வருவதால் வசையை விட வலிமையாகச் சுடுகின்றது.

198ஆம் பாடலைப் பாடியவர் வடம வண்ணக்கன் பேரிசாத்தனார். வண்ணக்கன் என்பது பொன்னையும் காசையும் நோட்டம் பார்ப்பவனைக் குறிக்கும் தொழிற்பெயர். யவனப் பொன் வந்திறங்கிய நாட்டில், பொன் நோட்டம் பார்க்கும் தொழிற்பெயர் கொண்ட புலவர் தமக்குரிய பரிசிலுக்காகக் காத்திருந்தார். இவருடைய குரல் மூலங்கிழாரைப்போல் கடியதன்று. மன்னனின் மார்பையும், கற்பிற் சிறந்த அவன் தேவியையும், கிண்கிணி அணிந்த புதல்வரையும் வாழ்த்துகிறார். அவனுடைய செல்வத்தை ஆலமரத்தின் கீழ் அமர்ந்த கடவுளோடு ஒப்பிடுகிறார். பகைவர் வாட அவர்களுடைய அரிய கலன்களைக் கொணர்ந்து அரண்மனையை நிறைத்த முன்னோரைப்போல, புதல்வரும் இரக்கம் உடையவராக வேண்டும் என்கிறார். மழைத்துளிக்கு ஏங்கும் பறவையைப்போல மன்னனின் அருளுக்கு ஏங்கி அவன் அடிநிழலில் பழகியவன் தான் என்றும், தன்னை மறந்துவிட வேண்டாம் என்றும் கூறி முடிக்கிறார்.

நிறைந்த பொருட்சாலைக்குச் சொந்தமான மன்னன் ஏன் கொடுக்கத் தயங்கினான் என்பதற்குப் பாடல்கள் காரணம் கூறவில்லை. பரிசில் கடாநிலைப் பாடல்கள் வேறு மன்னர்கள் மீதும் உண்டு. ஆனால் கிடைத்த ஐந்து பாடல்களில் இரண்டு இத்துறையில் அமைவது நன்மாறனைப் பொறுத்தவரை மிகுதியே. மது வாழ்த்தைப் பாடிய நக்கீரரும், அரிய கலன்களைக் குறையாமல் கொடு என்று முதலிற் சொன்னதைப் பார்க்கும்போது, இக்குறை அவைக்களத்தில் அறியப்பட்டதோ என்று எண்ண இடமுண்டு. செல்வத்தின் பயன் ஈதலே என்றும், உலகாளும் மன்னனுக்கும் எளியவனுக்கும் உணவும் உடையும் ஓரளவே தேவை என்றும் கூறும் 189ஆம் பாடலும் நக்கீரருடையதே. அது எந்த மன்னனையும் பெயர்சொல்லிப் பாடியதன்று.

குடும்பம்

நன்மாறனுக்கு மனைவியும் புதல்வர் சிலரும் இருந்தமை மேற்கண்ட இரு பாடல்களால் அறியப்படுகின்றது. பேரிசாத்தனார் பாடிய காலத்தில் அப்புதல்வர் கிண்கிணி அணியும் சிறுபருவத்தினர்.

பிற்கால ஆய்வுகளில்

புறநானூற்றை உ. வே. சாமிநாதையர் 1894இல் பழைய உரையோடு பதிப்பித்த பின்னரே இம்மன்னன் பரவலாக அறியப்பட்டான். ஆங்கிலத்தில் தமிழர் பழமையை எழுதிய வி. கனகசபை, 1904இல் வெளிவந்த தம் நூலில் யவனர் பற்றிய சங்கச் செய்திகளைத் தொகுத்தார். அரிக்கமேட்டு அகழாய்வுக்குப் பின் சாடி ஓடுகளும் பாடலும் சேர்த்துக் காட்டப்படலாயின. வரலாற்றுப் பாடநூல்களில் நன்மாறன் இடம்பெறுவது பெரும்பாலும் இவ்வகையில்தான்.

மதுரைக்கு மேற்கே தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் பிற்காலத்தில் திராட்சை பெரும் பயிராயிற்று. அங்கு விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. நன்மாறன் காலத்தில் கடல்கடந்து வந்த மதுவின் பழம், இன்று வைகை பிறக்கும் மாவட்டத்திலேயே விளைகின்றது.